சாட்சிக் கையெழுத்து

சுகுமார் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து இறங்கியபோதே மீனாவுக்குச் சந்தேகம் தட்டியது.

சாலவாக்கம் போகும் வழியிலிருக்கும் குதிரைப் பண்ணையில் அவன் சூப்பர்வைசர். ஆறு வருஷமாக அங்கே குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி லாயம் கூட்டுகிறான் அவள் புருஷன் வரதன். அவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கித் தரத் துப்பில்லாத பண்ணை அது. பதினோரு நாளைக்கு முன்னால் குதிரை உதைத்து அவனுக்கு விலா எலும்பு இரண்டு உடைந்துபோனது. அன்றையிலிருந்து கூலியும் இல்லை, எட்டிப் பார்க்க ஒரு நாதியும் இல்லை. இன்றைக்கு ஆர்லிக்ஸாம்!

சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

"இன்சூரன்ஸ் பேப்பர்மா. வரதன் ஒரு கையெழுத்து போட்டுட்டாருன்னா, ஒடம்பு தேறினதும் பழையபடி வேலைக்கு வந்துடலாம்."

"போடலன்னா?"

சுகுமார் வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாயில் படுத்திருந்த வரதன் கையை நீட்டினான். பாவி மனுஷன், யார் பேனா கொடுத்தாலும் வாங்கிவிடுவான். மீனா முந்திக்கொண்டு தாளைப் பிடுங்கினாள்.

அவள் மாமனார் இப்படித்தான் ஓர் அரிசி ஆலைக்காரனிடம் எழுதாத தாளில் கைநாட்டு வைத்தார். வாங்கியது ஆயிரம் ரூபாய். குடும்பமே ஒன்பது வருஷம் அந்த ஆலையில் நெல் அவித்துக் கிடந்தது. அதிலிருந்து இந்த வீட்டில் எவன் கையெழுத்துக் கேட்டாலும், முதலில் எழுதாமல் விட்ட இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

மீனா பத்தாவது படித்தவள். நூறு நாள் வேலையில் அட்டை பார்த்துப் பெயர் எழுதுகிறவள். எழுத்துக்கூட்டினால் இங்கிலீஷும் வரும். முன்பணம் என்று எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று விரல் வைத்துத் தேடினாள். இல்லை. எல்லாம் நிரப்பியிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி தரவேண்டிய தொகை நாலு லட்சம் என்று இருந்தது.

நாலு லட்சமா? அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் கூடியது. இன்னும் உன்னிப்பாகப் பார்த்தாள்.

அப்புறம்தான் பிடித்தாள்.

"இன்னா சார் இது? வயசு ஆறுன்னு போட்டு கீது. பொம்பளன்னு வேற போட்டு கீது. இவுருக்கு நாப்பத்தொண்ணு சார். எவன் எழுதினான் இத?"

வரதன் பாயிலிருந்தே சிரித்தான். சுகுமார் சிரிக்கவில்லை.

"தப்பில்லமா. அது குதிரையோட வயசு. இன்சூரன்ஸே குதிரைக்குத்தான். ஒதைச்ச வேகத்துல அதுக்குக் காலு பெசகிக்கிச்சி. இனிமே ரேஸுக்கு ஆகாதாம்." குரலை இறக்கினான். "வரதன் பேரு நம்ம ரிஜிஸ்டர்லயே இல்ல. ஆனா சாட்சி யாரு வேணா போடலாம்."

மீனா கடைசி வரிக்கு வந்தாள். குதிரை எதன்மேல் உதைத்தது என்று கேட்டிருந்த இடத்தில் ஒரே ஒரு பதில். எழுத்துக்கூட்டி, தமிழில் சத்தமாகச் சொன்னாள்.

கல்தூண்.

"அப்ப நானு?" என்றான் வரதன், விலாவைப் பிடித்துக்கொண்டு.

அந்த வேலை இத்தோடு போய்விடும் என்று மீனாவுக்குத் தெரியும். நாளைய அரிசிக்கு யாரைக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. தாளை நாலாக மடித்து சுகுமாரின் சட்டைப்பையில் செருகினாள்.

"கல்தூணு கையெழுத்து போடாது சார்."