முப்பத்தொன்றாம் தேதி வரை

மூன்று டப்பாக்களையும் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்தாள் கடைப்பெண்.

வாங்க வந்தவள் எதையும் கையில் எடுக்கவில்லை.

"இது சின்னதுங்க்கா. டிவிக்குப் பின்னாடி சொருகுனா இருக்கறதே தெரியாது. இதுல ரிமோட்டுகிட்டப் பேசுனாலே படம் வந்துரும். இது கொஞ்சம் வெல ஜாஸ்தி, ஆனா நடுவுல நிக்கவே நிக்காதுங்க."

"பழசுல இருக்கறது எல்லாம் இதுல அப்படியே வருமா?"

"அது எப்படிங்க்கா வரும்? புதுசா லாகின் பண்ணோணும். நம்பர் போட்டா ஓடிபி வரும். ரெண்டு நிமிஷ வேலை."

"யார் நம்பருக்கு வரும்?"

"அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குதோ அவங்களுக்குத்தான்."

அக்கவுண்ட் சுதாகர் பேரில் இருந்தது.

"யோசிச்சுட்டு வர்றேன்" என்றாள். கடைப்பெண் கேட்டதற்காகத் தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

விவாகரத்தாகி இரண்டு வருடம். பீரோ சுதாகருக்குப் போனது. வாஷிங் மெஷின் அவளுக்கு. கரண்டிகளைக்கூட இரண்டு அம்மாக்களும் தரையில் உட்கார்ந்து பிரித்தார்கள். இணையத்துப் படங்களைக் காட்ட டிவிக்குப் பின்னால் செருகியிருந்த, கட்டைவிரல் அளவு ஸ்டிக் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அவன் கணக்கில்தான் அது இன்னமும் ஓடுகிறது.

போன வாரம் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்குப் பிறகு இந்தப் பழைய ஸ்டிக் வேலை செய்யாது. புதியது வாங்கிக்கொள்ளவும்.

டிவியைப் போட்டதும் அது ஒரு கேள்வி கேட்கும். யார் பார்ப்பது?

கீழே மூன்று வட்டங்கள். சுதாகர். அவள். பிருந்தா.

மூன்றாவது வட்டம் போன ஆவணியில் முளைத்தது. பத்திரிகை வைக்கப்படாத வீட்டுக்கு அவன் கல்யாணச் செய்தி அப்படித்தான் வந்தது.

தன் வட்டத்தை அவள் திறப்பதில்லை. அதில் ஒரு படம் பாதியில் நின்றிருந்தது. அவன் எழுந்து போன அன்று பார்த்துக்கொண்டிருந்த படம்.

பிருந்தாவுடையதைத்தான் திறப்பாள். தினமும். ஆபீஸ் விட்டு வந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு.

பிருந்தா கேக் போட்டி பார்ப்பாள். தமிழில் பேசும் கொரியத் தொடர் பார்ப்பாள்.

முதலில் சப்டைட்டில் இல்லை. ஒரு மாதம் கழித்து வந்தது. பெரிய எழுத்து. மஞ்சள்.

சுதாகருக்கு இடது காது சரியாகக் கேட்காது. வெளியில் சொல்ல மாட்டான். எழுத்து இல்லாமல் எதையும் பார்க்கவும் மாட்டான். அவளிடம் அதைச் சொல்லவே அவனுக்கு ஒரு வருடம் ஆனது.

பிருந்தாவிடம் ஒரே மாதத்தில்.

முன்பு அவளோடு உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் குறட்டை விடுகிறவன். அந்தக் கொரியத் தொடரில் பன்னிரண்டாம் பகுதி வரை மஞ்சள் எழுத்து இருந்தது; அதுவரை தூங்காமல் பார்த்திருக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பிருந்தாவின் வட்டத்தில் தொடரைக் கடைசிப் பகுதியின் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவைத்தாள். நாயகன் சாகிற இடம்.

திங்கள்கிழமை அது பன்னிரண்டுக்கே திரும்பியிருந்தது.

மறுபடியும் தள்ளினாள். மறுபடியும் திரும்பியது.

ஆனால் யாரும் பாஸ்வேர்டை மாற்றவில்லை.

கடையிலிருந்து வந்த சாயங்காலம், எப்படியும் போகப்போகிறதே என்று, தன் வட்டத்தைத் திறந்தாள்.

பாதியில் நின்ற படம் பாதியில் நிற்கவில்லை.

அடியிலிருந்த சிவப்புக் கோடு முழுநீளத்துக்கும் ஓடி முடிந்திருந்தது. அதற்குக் கீழே, என்றைக்காவது பார்க்கலாம் என்று அவள் சேர்த்து வைத்திருந்த படங்கள். எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு முனைவரை வந்திருந்தது.

சுதாகர்.

ஒரு கணம் உள்ளே ஏதோ துள்ளியது.

ஒரு படத்தை ஓடவிட்டாள்.

மஞ்சள் எழுத்து வரவில்லை. அவளும் அவனும் பார்த்த காலத்தில் இந்த வட்டத்தில் எழுத்தில்லாமல் எதுவும் ஓடியதில்லை. இப்போது அணைத்திருந்தது.

பிருந்தாதான். அவன் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பார்த்திருக்கிறாள். அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கி. ஒவ்வொன்றாக. என்ன தேடினாளோ.

ரிமோட் மடியில் கிடந்தது. ஃபோன் அடித்தபோது திடுக்கிட்டாள்.

"அக்கா, முடிவு பண்ணிட்டீங்களாங்க? ஆஃபர் நாளையோட முடியுது."

"அந்தச் சின்னதே போதும். மாசக் கடைசில வர்றேன். என் நம்பருக்கே ஓடிபி வர்ற மாதிரி போட்டுக் குடுங்க."

"அப்ப ஆஃபர் இருக்காதுங்க்கா. நாளைக்கே வந்துருங்களே."

"பரவால்ல."

இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

தன் வட்டத்துக்குள் நிதானமாகத் தேடினாள். பேய்ப்படம் வேண்டாம். அழுகைப்படம் வேண்டாம். இரண்டு பேர் உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி ஒரு படம் கிடைத்தது. போன மாதம் வந்தது.

ஓடவிட்டாள்.

பிறகு அமைப்புகளுக்குள் போய், சப்டைட்டிலை மாற்றினாள். பெரிய எழுத்து. மஞ்சள்.

சமையலறைக்குப் போய்க் கீரை ஆய ஆரம்பித்தாள். இரண்டரை மணி நேரப் படம். பிருந்தா திறக்கும்போது சிவப்புக் கோடு முனைவரை வந்திருக்க வேண்டும். முடிகிறவரை அணைக்கவில்லை.

கூடத்தில், காலி சோபாவுக்கு எதிரே, எழுத்துகள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன.