பன்னிரண்டும் ஏகமனதாக

தமிழ் வைத்தியத்தின் தலைவிதி அன்று காரைக்குடியில், செம்மலை வைத்தியர் வீட்டில் நிர்ணயமாக இருந்தது. அதற்கு முன்னால் வந்திருந்தவர்களுக்கு ஆளுக்கொரு குவளை சுக்குக் கஷாயம். பானையைச் செம்மலையே அடுப்படியிலிருந்து தூக்கி வந்தார்.

“சுக்கு தூக்கலா இருக்குய்யா!” என்று எட்டு வைத்தியர்களும் பாராட்டினார்கள்.

தாம் எழுதிய பன்னிரண்டு தீர்மானங்களும் நிறைவேறினால்தான் செம்மலை மாலை பஸ்ஸில் மதுரை வைத்திய மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போகலாம். இவர்களோ போன கூட்டத்தில் ‘ஆகவே’யா ‘எனவே’யா என்று இருட்டும்வரை சண்டை போட்டவர்கள். இன்றும் கடுக்காய் உசத்தியா, நெல்லிக்காய் உசத்தியா என்பதிலேயே மூன்று மணி நேரம் போய்விட்டது.

செம்மலை பயந்துகொண்டே முதல் தீர்மானத்தைத் தொடங்கினார். அரை வரியில் எட்டுக் கைகளும் உயர்ந்தன.

“முழுசாக் கேளுங்கய்யா!”

“உங்க எழுத்துல குத்தம் சொல்ல நாங்க யாரு? பன்னெண்டையும் சேத்து நிறைவேத்தியாச்சு. நீங்கதான் பிரதிநிதி!” என்று வேர்த்து வழிந்த தலைவர் மலையாண்டி கத்திவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடினார். மற்றவர்களும் ஓடினார்கள். உணர்ச்சிவசப்பட்டு அழப் போகிறார்கள் என்று செம்மலை நெகிழ்ந்துபோனார்.

வெற்றிக் களிப்பில் மிச்சக் கஷாயத்தை இரண்டு குவளை குடித்துவிட்டு பஸ் ஏறினார். வழியனுப்ப வந்த மனைவி சோணையம்மாள் ஜன்னலோரம் நின்று கேட்டாள்:

“ஏங்க, சுக்குக் கஷாயம் அடுப்படியில அப்படியே இருக்கு. நாளைக்குப் பேதிக்குக் குடுக்க வச்சிருந்த பானையையா எடுத்துட்டுப் போனீக?”

பஸ் புறப்பட்டது. அது இனித் திருப்பத்தூரில்தான் நிற்கும்.