கை நனைக்காத வீடு

"எச்சில் மங்கு கழுவுறவளை எவன்டி கட்டிக்குவான்?"

கமலவேணி ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கருணாகரன் சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா கேட்டது.

அவளுக்கு வகுப்பில் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்பதே தொண்டையைத் தாண்டாது. அம்மாவிடம் என்ன சொல்லிவிடப் போகிறாள்?

குழாயடியில் மங்கு, தட்டு எல்லாம் கழுவினாள். வெங்காயம் உரித்தாள். பிறகு அம்மி, அங்கிருந்து அடுப்படி. எட்டு வருஷத்தில் எல்லாவற்றையும் வாய் திறக்காமலேயே கற்றுக்கொண்டாள்.

அடுத்த வாரம் மெர்டேக்கா, சுதந்திர தினம். கஜா பெராங் தெருவெல்லாம் கொடி. கடையில் கூட்டம் தாங்கவில்லை. முதலாளி இன்றுதான் முதன்முதலாக அவள் கையில் வாளியைக் கொடுத்துப் பரிமாற அனுப்பினார்.

"வாயத் தொறந்து கேட்டு ஊத்தணும் பிள்ள. பாதியில வீட்டுக்கு ஓடினியோ, மறுபடி குழாயடிதான்."

ஓடத்தான் வேண்டியிருந்தது. மூன்று மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. இரண்டு மணிக்குள் வந்து புடவை கட்டிக்கொள்ள வேண்டும், கடை வேலையைப் பற்றி அவர்களிடம் மூச்சு விடக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

மணி இரண்டைத் தாண்டியது. கமலவேணி வாளியைக் கீழே வைக்கவில்லை.

ஜன்னலோர மேசையில் பட்டுப்புடவை கட்டிய அம்மாள் ஒருத்தியும் அவள் மகனும். கமலவேணி சாம்பார் ஊற்றினாள்.

"பாருடா, ஒரு சொட்டு வெளியில சிந்தல. நமக்கு வர்றவளும் இப்படி வாய்ச்சா தேவல" என்றாள் அம்மாள் மகனிடம். ரசத்தோடு திரும்பி வந்ததும் இவள் பக்கம் திரும்பினாள். "பொண்ணு பாக்கப் போறோம்மா. முடிவாகாம அந்த வீட்டுல கை நனைக்கக் கூடாதில்ல, அதான் இங்கயே சாப்பிட்டுக்கிறோம். நல்லையா வீடு எந்தப் பக்கம்?"

நல்லையா அவளுடைய அப்பா.

பின்வாசல் திறந்தே கிடந்தது. சந்து வழியாக ஓடினால் இவர்களுக்கு முன்பே போய்விடலாம். முகம் கழுவி, தலை குனிந்து, காப்பித் தட்டோடு நிற்கலாம்.

வாளியின் பிடி உள்ளங்கையில் வழுக்கியது. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கோயிலத் தாண்டினதும் நீலக் கதவு. ஆனா பொண்ணு அங்க இருக்காது."

கடை முழுக்கக் கேட்டது. அவளுக்கே அது யார் குரலோ போலிருந்தது.

"நான்தான் பொண்ணு. சாயங்காலம் வரைக்கும் எனக்கு இங்க வேலை இருக்கு. நாளைக்கும் வருவேன். கல்யாணம் ஆனாலும் வருவேன். ரசம் ஊத்தட்டுமா?"

பக்கத்து மேசைகளில் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. கல்லாவிலிருந்த முதலாளி எழுந்துவிட்டார்.

அம்மாள் தன் இலைக்கு மேல் கையை விரித்து மறித்தாள்.

மகன் நிமிரவேயில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. விரலால் சோற்றில் ஆழமாக ஒரு குழி செய்து, இலையை அவள் பக்கம் லேசாக நகர்த்தினான்.

கமலவேணி குழி நிறைய ஊற்றினாள். அவன் முகத்தைப் பார்க்க நிற்கவில்லை. அடுத்த மேசைக்கு நகர்ந்தாள்.

"உங்களுக்குண்ணே?"

அம்மாள் கைகூடக் கழுவாமல் எழுந்தாள். குழைத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும் மகனை ஒரு கணம் பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு, தனியாகப் படி இறங்கினாள்.