லாரி மேல் ஒரு பயிர்

கோழித்தீவன ஆலை வாசலில் மக்காச்சோள லாரிகள் ஊர் எல்லைவரை நின்றன. மருதை தன் விளைச்சலை ஏற்றிவந்த லாரியில் மூட்டைகள் மேலேயே உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் ஆலைக்காரர் சாக்கில் குத்தூசியைச் செருகிக் கொஞ்சம் மணியை உருவிப் பார்த்தார்.

“ஈரம் ஜாஸ்திண்ணே. காயவெச்சிட்டு வரிசைக் கடைசிக்கு வாங்க.”

ஓட்டுநர் ஆரோக்கியம் வெயில் படட்டும் என்று தார்ப்பாயை அவிழ்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். மழை வந்தது. மருதையால் ஒற்றை ஆளாய்த் தார்ப்பாயை இழுத்து மூட முடியவில்லை. நாலு நாள் கழித்து வந்த அடுத்த முறையும் ஈரம் என்றார்கள். மறுபடி அவிழ்த்தார்கள், மறுபடி மழை.

இந்த முறை செருகிய குத்தூசி லேசில் வெளியே வரவில்லை. பலமாக இழுத்ததும் வெள்ளை வேர்கள் சுற்றிக்கொண்டு வந்தன. ஆலைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சாக்கு இழைகளை விலக்கிக்கொண்டு லாரி முழுக்கப் பச்சை கிளம்பியிருந்தது.

“இனி இவங்க லோடு எறக்க மாட்டாங்கண்ணே. எறங்குங்க, ஊருக்குப் போயிடலாம்” என்றார் ஆரோக்கியம்.

மருதை மூட்டைகள் மேல் குந்தி, நெருங்கி முளைத்திருந்த பயிரில் நோஞ்சானாகப் பார்த்துப் பிடுங்கி, திடமானவற்றுக்கு இடம்விட்டுக்கொண்டிருந்தார்.