மைப்பொட்டு

தசை அழற்சி என்று கண்டுபிடிக்கவே எட்டு மாதம் ஆயிற்று; அதுவரை எழ முடியாததைச் சோம்பேறித்தனம் என்றே வீட்டில் நினைத்தார்கள். அதன்பிறகு விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையில் ஐந்து வயது நறுமுகையின் முகம் பணியாரமாக உப்பிவிட்டது. "இப்பத்தான் புள்ள பூசினாப்ல இருக்கா. முன்னாடி ஒங்கம்மா சோறே போடலியாக்கும்," என்று அத்தை சுசிலா கன்னத்தைக் கிள்ளி, எச்சில் ஒட்ட முத்தம் கொடுத்து, கண் பட்டுவிடுமென்று மைப்பொட்டும் வைத்தாள். அம்மா தாமரை விடுவிடுவென்று மகளிடம் போனாள். தரையில் உட்கார்ந்திருந்த குழந்தை அவள் வருவதைப் பார்த்ததும் தொடைகளில் கையூன்றி அவசரமாக எழப் பார்த்தது; முடியவில்லை. அந்தப் பொட்டை அழிக்கத் தாமரை கையை நீட்டினாள். நறுமுகை இரண்டு கன்னங்களையும் பொத்திக்கொண்டாள்.

"எந்திரிச்சிடுறேம்மா," என்றாள். "அடிக்காத."