பழைய கீபோர்டு

இயங்குதளத்தின் மையமான கெர்னலிலிருந்து எந்தப் பழைய நிரலையும் நீக்குமுன், "இதை யாராவது இன்னும் பயன்படுத்துகிறீர்களா?" என்று ஊருக்கெல்லாம் மின்னஞ்சல் போட்டு ஓராண்டு காத்திருப்பது பொறியாளரின் வழக்கம். மனைவியின் பழைய கணினிக் கீபோர்டை இயக்கும் நிரலைப் பற்றிக் கேட்டபோது ஒரு ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாயிற்று. கீபோர்டையும் அப்போதே குப்பையில் போட்டாயிற்று. மனதைக் கல்லாக்கிக்கொண்டு நிரலை நீக்கினார்.

மறுநாள் காலை, நேரில் பார்த்தே இராத சக பொறியாளன் வேலை விஷயமாகப் போனில் வந்தான்.

"என்னண்ணே, வீடு இவ்ளோ அமைதியா இருக்கு? எப்பவும் பின்னாடி அண்ணி லொட்டு லொட்டுன்னு தட்டிக்கிட்டே இருப்பாங்களே, ஊர்ல இல்லையா?"

அவர் போனைக் காதில் வைத்தபடியே கணினியைத் திறந்தார். நீக்கிய நிரலைத் திரும்பச் சேர்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"ஆங், வந்துட்டாங்க போல," என்றான் அவன். "இப்ப கேக்குது."