காத்திருப்பவர்களுக்கான மெட்டு

விளையாடுபவரின் நாடியைப் பிடித்துப் பார்த்து, மனசுக்கேற்ற மெட்டை வாசிக்கும் கேம் அது. மெட்டுகள் அத்தனையும் திருமாறன் போட்டவை. அதற்காகவே வருஷக்கணக்கில் ஸ்டூடியோவே கதியென்று கிடந்தார். கேம் வெளியாகி ஒரு மாதம் கழித்துத்தான் மகள் பனிமலரோடு உட்கார நேரம் வாய்த்தது.

"கேம்ல ஏதோ கோளாறுப்பா. ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் விதவிதமா வருது. எனக்கு எப்பவும் இது ஒண்ணுதான்," என்று அவள் முணுமுணுத்துப் பாடிக் காட்டினாள்.

பூட்டிய வீட்டுக்குள் யாருக்காகவோ காத்திருப்பவர்களுக்கென்று அவர் போட்ட மெட்டு அது. திருமாறன் மகளின் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஸ்டூடியோவுக்குப் போனதும் சரிபண்ணிடறேன்டா."

பனிமலரின் கையிலிருந்த கேம் அதே மெட்டை மறுபடி ஆரம்பித்தது.